நாற்காலிகளை நகர்த்தாதீர்

நான் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கும் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அறையைப் புதுப்பித்தார்கள். பழைய விரிவுரை அறைதான். கண்ணாடிக் கதவு போட்டு, ஒரு சுவருக்குப் பச்சையும் இன்னொரு சுவருக்கு ஆரஞ்சும் அடித்து, ஆறு பேர் சுற்றி உட்காரும் மேசைகள் பத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேசைக்கு ஒரு திரை. எல்லா நாற்காலிக்கும் சக்கரம். திறப்பு விழாவுக்கு ஒரு டத்தோ வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'ஜாங்கான் உபா கெடுடுக்கான் மேஜா டான் கெருசி.' மேசை நாற்காலிகளின் இடத்தை மாற்றாதீர்கள் என்று அர்த்தம். கீழே அலுவலக முத்திரை.

சக்கரம் வைத்த நாற்காலியைக் காசு கொடுத்து வாங்கி வந்து, அதை நகர்த்தக்கூடாது என்று எழுதி ஒட்டுகிற மனம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இதில் எனக்கு இரண்டு தரப்போடு சண்டை. அறையை மாற்றிவிட்டால் கல்வி மாறிவிடும் என்று நம்புகிற நிர்வாகம் ஒரு தரப்பு. அவர்களைத் திட்டுவது சுலபம், எல்லாரும் திட்டுகிறார்கள். இன்னொரு தரப்பு நம்மவர்கள். அறையில் என்ன இருக்கிறது, ஆசிரியர்தானே எல்லாம் என்று சொல்லும் தமிழ்ப் பேராசிரியர்கள். எனக்கு அதிகக் கோபம் இவர்கள் மேல்தான்.

ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் இந்த அறையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சிரித்தார். "தம்பி, நல்ல வாத்தியாருக்கு எதுக்குப்பா இந்த மேஜை நாற்காலி எல்லாம்? தாகூர் மரத்தடியிலதான் பாடம் நடத்தினாரு." சுற்றி நின்ற நான்கு பேரும் தலையாட்டினார்கள். நான் கையிலிருந்த கரிபாப்பைத் தின்றுகொண்டு சும்மா இருந்துவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

1901ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய தாகூர், வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோனது செலவை மிச்சப்படுத்த அல்ல. நான்கு சுவருக்குள் தான் படித்த பள்ளிக்கூடம் அவருக்குச் சிறையாகத் தோன்றியது. மரத்தடியில் பிள்ளைகள் தரையில் சுற்றி உட்கார்கிறார்கள். ஆசிரியரும் கிட்டத்தட்ட அதே உயரத்தில், குரலை உயர்த்தாமலே எல்லாருக்கும் கேட்கும் தூரத்தில். ஒரு பிள்ளை பேசினால் மற்ற பிள்ளைகளுக்கு அதன் முகம் தெரிகிறது. கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. ஐயா, அதுதான் வகுப்பறை வடிவமைப்பு. தாகூர் அறையைப் பற்றிக் கவலைப்படாதவர் அல்ல, நம் எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்பட்டவர். அவருடைய மரத்தைக் கொண்டுவந்து 180 பேர் மண்டபத்துக்கும் மைக்குக்கும் முட்டுக்கொடுப்பதற்கு உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

அந்த 180 பேர் மண்டபத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நம் நாட்டில் பல்கலைக்கழகம் போன எவருக்கும் அது தெரியும். தரை படிப்படியாக உயரும். ஒவ்வொரு படியிலும் நீளமாக ஓர் இரும்புச் சட்டம், அதில் திருகாணி போட்டு இறுக்கிய நாற்காலிகள். எழுதுவதற்கான சிறு பலகை வலது கைப்பக்கத்திலிருந்து மடங்கி வரும். இடது கைக்காரர்கள் மூன்று ஆண்டும் உடம்பை முறுக்கிக்கொண்டு குறிப்பெடுக்க வேண்டியதுதான். வரிசையின் நடுவில் உட்கார்ந்திருப்பவரை விரிவுரையாளர் நெருங்கவே முடியாது. இருபது முழங்கால்களைத் தாண்டித்தான் போகவேண்டும். எல்லா விளக்கும் மேடைக்கு, மாணவர்கள் பக்கம் பாதி இருட்டு. ஏர்கோன் பதினெட்டில் ஓடும், அதன் இரைச்சலில் மைக் இல்லாமல் எவர் குரலும் நான்கு வரிசை தாண்டாது. மைக் ஒன்றுதான். அது யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒன்பதாவது வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் எண்பது பேருக்கு அவள் முகம் தெரியாது. கழுத்தைத் திருப்பினால்தான் உண்டு. எண்பது கழுத்து ஒரே நேரத்தில் திரும்புவது எவ்வளவு பெரிய மிரட்டல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிவது அவள் பிடரி, அவள் சொல்வது பாதி கேட்காது. அதனால் விரிவுரையாளர் அவள் கேள்வியை மைக்கில் திரும்பச் சொல்கிறார். தன் சொற்களில், தனக்குத் தோதான வடிவில். பிறகு தானே பதிலும் சொல்கிறார். அந்த மாணவி கேட்டது எங்கே போனது? அடுத்த வாரம் அவள் கையைத் தூக்கமாட்டாள். "நம்ம பிள்ளைங்க கேள்வியே கேக்க மாட்டேங்குதுங்க லா" என்று நாம் மாமாக் கடையில் உட்கார்ந்து வருத்தப்படுவோம்.

இதைக் குற்றச்சாட்டாக மட்டும் சொல்லவில்லை. நான் அந்த மண்டபத்தில் படித்தவன்.

தொண்ணூறுகளின் இறுதி. இரண்டாம் ஆண்டு முழுவதும் எங்கள் தமிழ்ச் சிறுகதைப் பாடம் அப்படிப்பட்ட ஓர் அறையில்தான் நடந்தது. பதினான்கு பேர்தான் நாங்கள், ஆனால் கிடைத்தது நூறு பேர் மண்டபம். ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடப்போம். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் கூரை ஒழுகி மண்டபத்தை மூடினார்கள். துறைக் கட்டடத்தில் பழைய தேர்வுத்தாள்களைப் போட்டு வைத்திருந்த அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு நீள மேசை. விரிவுரையாளருக்கென்று தலைமாட்டில் போட்டிருந்த நாற்காலியின் கால் உடைந்திருந்ததால் அவரும் எங்களுக்கு நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. பெரிய கல்விச் சீர்திருத்தம் எல்லாம் இல்லை. கூரை ஒழுகியது, கால் உடைந்தது, அவ்வளவுதான்.

அன்று புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. வழக்கம்போல் கற்பு, வறுமை, நகரத்தின் பொய் என்று போய்க்கொண்டிருந்தது. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி எங்களோடு படித்தாள். இரண்டு ஆண்டுகளில் வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. மண்டபமாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது. விரிவுரையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "சொல்லும்மா" என்றார்.

"சார், எல்லாரும் அம்மாளுவப் பத்தியே பேசுறோம். பால்கஞ்சிக்கு ஏது காசுன்னு அவ புருசன் கேட்டானா இல்லையா? கதையில அது இல்ல. எங்க லயத்துல யாரும் கேக்க மாட்டாங்க. தெரியும், ஆனா கேக்க மாட்டாங்க."

மேசையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். கேட்காமல் இருப்பது நாகரிகமா, கோழைத்தனமா, அல்லது உடந்தையா? புதுமைப்பித்தன் அந்த இடத்தில் ஏன் நிறுத்தினார்? கடைசி வரியில் வாசகனைப் பார்த்து அவர் போடும் கூச்சலுக்குப் பின்னால் இந்த அமைதி இருக்கிறதா? பாட நேரம் முடிந்து அடுத்த வகுப்புக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தோம். இன்றுவரை எந்தக் கதையை வாசித்தாலும், சொல்லப்படாத அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்று தேடுகிற பழக்கம் எனக்கு இருக்கிறது. அது எந்த விரிவுரையிலும் கிடைத்ததல்ல. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளிடமிருந்து கிடைத்தது.

ஏழு வாரம் அங்கே இருந்தோம். கூரையைச் சரிசெய்தார்கள், மண்டபத்துக்குத் திரும்பினோம். விரிவுரையாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், நல்ல மனிதர். அந்தத் தோழி மறுபடியும் நூறு நாற்காலிகளில் ஒன்றில் மறைந்துபோனாள். அந்த ஆண்டு முடியும்வரை அவள் பேசியதாக நினைவில்லை. அதே ஆசிரியர், அதே மாணவி, அதே பாடம். மாறியது மேசை மட்டும்தான். ஆசிரியர்தான் எல்லாம் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

விரிவுரை மண்டபம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல்லுக்கே லத்தீன் வேரில் 'வாசித்தல்' என்றுதான் பொருள். அச்சு இயந்திரம் இல்லாத காலம். புத்தகம் ஒன்றுதான். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். பதினான்காம் நூற்றாண்டில் லாரன்ஷியஸ் டி வோல்டோலினா என்ற இத்தாலியர் பொலோஞா பல்கலைக்கழக வகுப்பு ஒன்றை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். மேடையில் உயர்ந்த பீடத்தில் ஆசிரியர். முன்வரிசையில் கவனிக்கிறார்கள். பின்வரிசையில் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் மேசையில் சாய்ந்து தூங்குகிறார். அறுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் படத்தில் கைப்பேசியைச் சேர்த்தால் என் திங்கட்கிழமை வகுப்பு.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1790களில் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் விடுதியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797ல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தின் பள்ளிகளில் அது பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையும் செய்த வேலை அதுதான். திண்ணையைப் புனிதப்படுத்த எனக்கு ஆசையில்லை. பிரம்பும் மனப்பாடமும் சாதியும் அங்கே இருந்தன. ஆனால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடமிருந்து கற்கும் என்பதை வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லித்தரவில்லை. நம்மிடம் பார்த்துவிட்டுப் போய் அவர்களுக்குச் சொன்னான். இன்று 'மாணவர் மையக் கற்றல்' என்றால் மேற்கின் நாகரிகம் என்று முகம் சுளிக்கும் ஐயாமார்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி நிர்வாகத் தரப்புக்கு வருவோம். அவர்கள் நகலெடுக்கும் அறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை அவர்கள் வாசித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ராபர்ட் பெய்க்னர் தொண்ணூறுகளில் வட்ட மேசை வகுப்பை உருவாக்கினார். அங்கே மேசையின் விட்டம் ஏழு அடி. வேறு அளவுகளையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏழுக்கு வந்தார்கள். மேசைக்கு ஒன்பது பேர், மூன்று மூன்று பேராக மூன்று குழு. ஏழு அடி என்றால் எதிர்ப்பக்கக் குழுவோடு கத்தாமல் பேசலாம், பக்கத்துக் குழுவின் தாளும் பார்வைக்கு எட்டும். சுற்றிச் சுவரெல்லாம் எழுதும் பலகை. விரிவுரையாளருக்கு மேடை இல்லை, மேசைகளுக்கு நடுவே நடக்க வழி இருக்கிறது. அதாவது, முதலில் என்ன வேலையை மாணவர்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்தார்கள். மேசை அதற்குப் பிறகு வந்தது. நம்மிடம் மேசை மட்டும் வந்து இறங்கியது.

எம்.ஐ.டி.யும் இதையொட்டி இயற்பியலுக்கு அறை கட்டியது. பதின்மூன்று வட்ட மேசைகள், மேசைக்கு ஒன்பது பேர். 2003ல் மாணவர்களே அதை எதிர்த்து மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். எங்களுக்குப் பழைய விரிவுரையே வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை, கற்பிக்கும் விதத்தைத் திருத்திக்கொண்டே போனது. சில ஆண்டுகளில் வருகை கூடியது, தோல்வி விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அந்த மனுதான். காரணம், நானும் அதே இடத்தில் விழுந்தேன்.

புதிய அறை திறந்த மறு பருவம் என் தமிழ்ச் சிறுகதை வகுப்புக்கு அது கிடைத்தது. 58 மாணவர்கள். நான் என்ன செய்தேன்? என் பழைய ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் பேசினேன். பாதிப் பேருக்கு நான் நின்ற பக்கம் முதுகு. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், வலித்ததும் விட்டுவிட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மண்டபத்தில் தூங்கவாவது செய்வார்கள். மூன்றாவது வாரம் ஒரு மாணவர் வந்து, "சார், பழைய ஹாலே பரவாயில்ல சார். இங்க எங்க பாக்குறதுன்னே தெரியல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வட்ட அறையில் விரிவுரை செய்வது, பஸ்ஸை ஆற்றில் ஓட்டுவது மாதிரி. பஸ்ஸின் மேல் குற்றமில்லை, ஆற்றின் மேலும் குற்றமில்லை.

நான்காவது வாரம் ஸ்லைடை எடுக்கவில்லை. 'பொன்னகரம்' கதையை அச்செடுத்து, கடைசிப் பகுதியைக் கத்தரித்துவிட்டுக் கொடுத்தேன். மேசைக்கு இரண்டு குழு, குழுவுக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தாள். ஒரு தாள் என்பது முக்கியம். ஆளுக்கொன்று கொடுத்தால் ஆளுக்கொரு பக்கம் குனிந்துவிடுவார்கள். கதையை முடித்து, ஏன் அப்படி முடித்தோம் என்று சுவரில் ஒட்டுங்கள் என்றேன். சுவரில் பலகை இல்லை, ஆரஞ்சுச் சாயம்தான் இருந்தது. மஹ்ஜோங் தாளும் செலோடேப்பும் நானே வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நாற்காலிகள் நகர்ந்தன, கதவுக் காகிதம் மன்னிக்கட்டும். பத்தொன்பது முடிவுகள் சுவரில் ஏறின. எழுந்து நடந்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள், சண்டை போட்டார்கள். ஒரு குழு முருகேசனைக் கேள்வி கேட்க வைத்திருந்தது. இன்னொரு குழு அவனைக் கேட்காமல் தூங்கப்போக வைத்திருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டச் சொன்னேன். அதற்குமேல் நான் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து புகார் போனது. 'பிசிங்.' சத்தமாம். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வகுப்பறையில் மாணவர்கள் பேசுகிறார்கள் என்று புகார் கொடுக்கிற பல்கலைக்கழகத்தில், அந்தச் சத்தத்தை உறிஞ்ச ஒரு தடுப்புச் சுவர்கூட யோசிக்காமல்தான் அறுபது பேர் கலந்துரையாடும் அறையைக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு எதற்கு? வெளியிலிருந்து விருந்தினர் பார்ப்பதற்கு. ஒலிக்கு அல்ல, காட்சிக்கு.

அடுத்த பருவம் அறை எங்களுக்கு இல்லை. 'கேட்பவர்கள் அதிகம்' என்றார்கள். பாதி நாள் அது பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தர மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் மட்டும் கூப்பிட்டார்கள். மாணவர்களை மடிக்கணினியோடு மேசைகளைச் சுற்றி உட்காரச் சொன்னார்கள், படம் பிடித்தார்கள். "சார், நீங்க கொஞ்சம் குனிஞ்சு அவங்களோட பேசுற மாதிரி நில்லுங்க." நின்றேன். அந்தப் படம் இன்னும் கையேட்டில் இருக்கிறது. பேசுகிற மாதிரி நிற்கும் நான், கேட்கிற மாதிரி இருக்கும் மாணவர்கள்.

வசதி உள்ளவன் செய்வது, நமக்கு ஏது காசு என்று சொல்பவர்களும் உண்டு. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்து 2015ல் திறக்கப்பட்ட கட்டடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். டிம்சம் கூடைகளை அடுக்கியதுபோல இருக்கும், அங்கே மாணவர்களே அப்படித்தான் கேலியாகச் சொல்கிறார்கள். 56 வகுப்பறைகள், எதற்கும் மூலை கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. வாய் பிளந்து பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நமக்கு ஒரு சாக்கு. என் மாணவர்களுக்குத் தேவை தட்டையான தரை. திருகாணி இல்லாத மேசை. மூன்று பக்கச் சுவரிலும் எழுதும் பலகை. அதற்குத் திரையைவிடக் காசு குறைவு, பழுதாகாது, கடவுச்சொல் கேட்காது. வகுப்புக்கு முப்பத்தைந்து, நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். நேர அட்டவணையில் இரண்டு வகுப்புக்கு இடையில் பத்து நிமிடம் வேண்டும், மேசையை நகர்த்தித் திரும்பப் போடுவதற்கு. அந்தப் பத்து நிமிடம் இல்லாததால்தான் கதவில் அந்தக் காகிதம் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அலுவலகத்துப் பெண்மணி கெட்டவர் அல்ல. முந்தைய வகுப்பு கலைத்துவிட்டுப் போனதற்கு அடுத்த விரிவுரையாளர் அவரைத் திட்டியிருக்கிறார்.

இடம்தான் உண்மையான விலை. மேசை போட்டால் அதே தரையில் பாதிப் பேர்தான் உட்கார முடியும். அப்படியென்றால் வகுப்பு இரண்டாகும், விரிவுரையாளர் இரண்டு பேர் வேண்டும். அங்கேதான் நிர்வாகம் கையை இழுத்துக்கொள்கிறது. நாற்காலிக்குப் பணம் உண்டு, ஆளுக்குக் கிடையாது. நாற்காலியை டத்தோ திறந்துவைக்கலாம். பகுதி நேர விரிவுரையாளரை யார் ரிப்பன் வெட்டித் திறப்பார்கள்?

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு: 2014ல் அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடு. மாணவர்கள் தாமே ஏதாவது செய்து கற்ற வகுப்புகளில் 21.8. இவை அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள். கதை வாசிக்கும் வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. இலக்கிய வகுப்பில் தோற்பது வேறு மாதிரி. என் மாணவர்கள் எல்லாரும் தேர்ச்சி பெறுகிறார்கள். கதையைப் பற்றித் தனக்கென்று ஒரு வரிகூடச் சொல்லத் தெரியாமல் 'ஏ' வாங்குகிறார்கள். அதை எந்த விழுக்காட்டில் எழுதுவது?

அவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்களாகப் போகிறார்கள். நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். அங்கே '21ஆம் நூற்றாண்டுக் கற்றல்' என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதை எப்படிச் செய்வது என்று எதிர்கால ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் எங்கே நடக்கிறது தெரியுமா? 180 பேர் மண்டபத்தில். 64 ஸ்லைடு. ஏழு வயதில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளையை இருபது வயதில் வரிசையில் திருகாணி போட்டு இறுக்குகிறோம்.

இதெல்லாம் வகுப்பறையோடு முடிவதில்லை என்பதுதான் இதை இங்கே எழுதக் காரணம். நம் இலக்கிய நிகழ்ச்சிகளைப் பாருங்கள். மேடை, பூமாலை, பொன்னாடை, ஏழு பேர் தலைமை மேசையில். கட்டுரை படைக்க ஆளுக்குப் பதினைந்து நிமிடம். கலந்துரையாடலுக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்தை வாழ்த்துரை தின்றுவிடும். 'நேரமின்மை காரணமாகக் கேள்விகளை உணவு இடைவேளையில் தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொள்ளவும்.' எத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறோம் இந்த வாக்கியத்தை? யாராவது எழுந்து ஒரு நாவலைப் பற்றி எதிர்க்கருத்து சொன்னால் 'மரியாதை தெரியாதவன்'. நூல் வெளியீட்டில் நூலை விமர்சித்தால் 'வயிற்றெரிச்சல்'. இந்த மனிதர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள்? பிடரியைப் பார்த்து உட்கார்ந்த மூன்று ஆண்டில். ஒருவர் கருத்தை இன்னொருவர் முகத்துக்கு நேராக மறுத்துவிட்டு, பிறகு சேர்ந்து சாப்பிடப்போகும் பழக்கம் ஒரு மேசையைச் சுற்றித்தான் வரும். நமக்கு அந்த மேசையை யாரும் போட்டுத் தரவில்லை. போட்டுத் தந்தபோது நான் மூன்று வாரம் அதை வீணடித்தேன்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைவதையொட்டி, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாகப் போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். சாதாரண உழைப்பாளிகள் கொடுத்த காசில் துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வந்தன. 1956ல் துறை தொடங்கியது. நான் சொல்லும் மண்டபமும் புதிய அறையும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இல்லை. ஆனால் இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வகுப்பு நடந்தாலும் அந்தக் காசின் நினைவு எனக்கு வரும். பால் வெட்டியவர்கள் கொடுத்தது தங்கள் பிள்ளைகள் அங்கே போய்ப் பேசுவதற்காக. லயத்திலிருந்து வந்த என் தோழி ஏழு வாரம் பேசினாள், அதுவும் கூரை ஒழுகிய புண்ணியத்தில்.

இந்தப் பருவம் எனக்கு மறுபடியும் மண்டபம்தான். 61 பேர். முதல் நான்கு வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையைக் காலியாக விடச் சொல்லி, முன்வரிசைக்காரர்களைப் பின்பக்கம் திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்து பேச வைக்கிறேன். பதினைந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது என்கிறார்கள். போன வாரம் புதிய அறையைக் கடந்து போனேன். பூட்டியிருந்தது. கதவில் இருந்த காகிதம் பழசாகிவிட்டதால் எடுத்துவிட்டு, அதையே லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள்.